நாற்பத்திரண்டாவது ஞானஸ்நானம்

என் கையெழுத்து படுமோசம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. பாறசாலையில் முப்பத்தொரு வருடம் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தினேன். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பானிப்பட்டை அவர்கள் என்னவென்று வாசித்தார்களோ, பரீட்சைத் தாளில் பாபர் வருடத்துக்கு ஓர் ஊரில் ஜெயித்தார். ஒரு வருடம் காட்டாக்கடையில்கூட ஜெயித்திருக்கிறார். எனக்கு ஓய்வூதியம் தரும் அரசாங்கத்துக்கு இது தெரியாது.

போதகர் அவர்களே, போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைக் கோயிலை ஒட்டிய வெஸ்டரி அறைக்குள் அழைத்து, 1911-ஆம் வருடத்து ஞானஸ்நான ரெஜிஸ்டரை விரித்து வைத்தீர்கள். நூற்றாண்டு மலருக்காகப் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னீர்கள். அந்த வருடத்தின் அடியில் மிஷனரி துரை தன் கையால், 'இந்த வருஷம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் நாற்பத்தொருவர்' என்று எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறார். தாங்கள் விரல் வைத்து எண்ணினால் நாற்பத்திரண்டு வருகிறது.

"ஒண்ணு கூடுது, சார். ரெஜிஸ்டர் உங்க கையிலயாக்கும் இருந்தது. எழுத்தில ஒரு விளக்கம் தந்தா நல்லது" என்றீர்கள்.

முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. கணக்கில் பட்டம் வாங்கியவர். ஒன்று கூடினால் ஏன் கூடுகிறது என்று தெரியாமல் தங்களுக்கு உறக்கம் வராது, அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாகச் சபை ரெஜிஸ்டர்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. தங்களுக்கு முன்னால் இருந்த போதகர்களில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. நானும் எண்ணவில்லை. சரித்திரக்காரனுக்குக் கூட்டல் வராது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

விளக்கம் தருகிறேன். சற்று நீளும். பிரான்ஸ் தேசத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது ஒரு கால் போன நாற்காலி ஒன்றை வாங்கினேன். கூடவே தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றையும் தந்தார்கள், நாற்காலியின் நாலாவது காலுக்கு முட்டுக் கொடுப்பதற்காக. அட்டையைத் திருப்பினால் உள்ளே பிரான்ஸ் தேசத்து ராணிகளும் ராஜகுமாரிகளும், ஐந்நூறிலிருந்து எண்ணூறு வருடத்துக்கு முந்தியவர்கள். அது 1971. அந்த மாதம்தான் என் மனைவி சரசம்மா இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. மூத்தவள் பிஜிக்கு ஆறு வயது.

நான் திறந்த பக்கத்தில் இஸபெல்லா என்ற ராஜகுமாரி இருந்தாள். ஏழு வயது நிறையுமுன்னே அவளை இங்கிலாந்து ராஜாவுக்குக் கெட்டிக்கொடுத்தார்கள். பத்து வயதில் விதவையானாள். திரும்பி வந்தவளை மறுபடியும் கெட்டிக்கொடுத்தார்கள். பத்தொன்பதாவது வயதில் பிரசவத்தில் இறந்தாள். நான் நாற்காலியை மூன்று காலிலேயே விட்டுவிட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டேன்.

இன்னொரு பெண் மார்கரெட். அவளை மூன்று வயதில் கொண்டுவந்து, பிரான்சின் குட்டி ராணி என்று கொண்டாடிப் பத்து வருடம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை இடையில் வேறொருத்தியைக் கெட்டிக்கொண்டதால் தகப்பன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். ழான் என்று ஒருத்தி இருந்தாள். முதுகு வளைந்தவள், காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறவள். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய புருஷன், ராஜாவானதும் முதல் வேலையாக அவளைத் தள்ளிவைத்தான். இவர்களைப் பற்றித் தமிழில் ஒருவரும் எழுதவில்லை என்று எனக்குப் பட்டது. ஏன் எழுதவில்லை என்று யோசித்திருந்தால் நான் உருப்பட்டிருப்பேன். 'பிரான்ஸ் தேசத்து ராஜகுமாரிகள்' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினேன்.

ரயில் நிலையத்துப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் வேலாயுதனிடம் ஒவ்வோர் அத்தியாயத்தையும் சொல்வேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே கேட்பார். "சாறே, கோட்டையும் கொத்தளமும் உள்ள பெண்ணுங்களுக்கே இந்தக் கதின்னா, கொல்லயில் பஞ்சாயத்தில உள்ள பெண்ணுங்க எவ்வளவோ கொள்ளாம், இல்லியா?" என்பார். நான் ஆமென்பேன். அந்த ஆமென்பது எனக்குள் இறங்கி எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

புத்தகத்துக்கு ஒரே வாசகி பிஜி. பதினாலு வயதிலிருந்து அவள்தான் நல்ல பிரதி எடுத்துத் தருகிறாள். நான் கிறுக்கியதை என்னாலேயே மறுநாள் வாசிக்க முடியாது, அவள் வாசிப்பாள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொரு வரியும் முடிந்ததும் பேனா முனையைத் தாளில் ஊன்றி வைத்துக்கொண்டு அடுத்த வரியை யோசிப்பேன். அதனால் என் வரிகளின் கடைசியில் எல்லாம் காரணமில்லாமல் ஒரு புள்ளி கிடக்கும். பிஜி அந்தப் புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே எழுதுவாள். "அப்பா நின்னு மூச்சு விட்ட இடமாக்கும் இது. இதையும் எழுதணுமா?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் மார்த்தாண்டத்திலிருந்து ஓர் இடம் வந்தது. அது நின்றுபோயிற்று. இருபத்து நாலில் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒன்று வந்தது. அதுவும் நின்றது. தாமாகவே நின்றன என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். நான் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு கடிதம் போட்டிருந்தேன். பெண்ணின் தாய் எப்படி இறந்தாள், அந்த உடம்புவாகு மகளுக்கும் வர வாய்ப்பு உண்டா என்பதை நலம்விரும்பி என்ற முறையில் எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை. என்னுடையதைத் தவிர மற்றவர்களின் கையெழுத்து எல்லாம் எனக்கு நன்றாக வரும். சொன்னதில் பொய்யும் இல்லை. தாய் அப்படித்தானே இறந்தாள்.

மூன்றாவதாக வந்தவன் ஜெயசிங். அவன் வந்தது என் புத்தகத்துக்காக.

பிஜி நெய்யாற்றின்கரையில் ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் அதே ஊரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். இருவரும் காலையில் பாறசாலையிலிருந்து ஒரே பாசஞ்சரில் போகிறவர்கள். நம் சபைப் பிள்ளைதான். தகப்பன் இல்லை, தாய் விமலகுமாரி மட்டும். என் புத்தகத்தைப் பற்றி ரயிலில் பிஜி சொல்லியிருக்கிறாள். முதலாளியிடம் பேசிக் குறைந்த செலவில் அச்சடித்துத் தருகிறேன் என்று வந்தான். அதுவரை எழுதியிருந்ததன் நல்ல பிரதியை வாங்கிக்கொண்டு போய் இருபது நாளில் வாசித்து முடித்தான். என் ஆயுளில் எனக்குக் கிடைத்த இரண்டாவது வாசகன்.

"சாறே, முந்நூறு பக்கமும் வாசிச்சாச்சு. இதில ஒரு ராஜாவாவது மனுஷனா உண்டா?" என்று கேட்டான்.

"நல்லவனுக்கு சரித்திரத்தில இடம் இல்ல மக்கா" என்றேன்.

"அப்போ நமக்கு சரித்திரம் வேண்டாம், சாறே. இந்த வீட்டில கொஞ்சம் இடம் தந்தா போதும்."

உள்ளே அடுப்படியில் பிஜி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் தமாஷுக்கு அவள் சிரிப்பது வேறு விதம், அது மரியாதைக்கு. இது பாத்திரம் கைதவறி விழுவதுபோலத் திடீரென்று வந்தது. நானும் சிரித்தேன். தமாஷ் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் விமலகுமாரி வந்து கேட்டாள். "எனக்குப் பெண்பிள்ள இல்ல சாறே. இவள எனக்குத் தரணும். நான் மருமோளாட்டு பாக்கமாட்டேன்." மறுக்க ஒரு காரணமும் இல்லை. குடும்பம் நல்லது, பையன் நல்லவன், சபை ஒன்று. சந்தோஷம் என்றேன். பிஜிக்கு அப்போது இருபத்தேழு வயது. 1992, ஆகஸ்ட்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாகக் கிடந்து சாவோமே என்று பயந்து செய்தேன் என்று தாங்கள் நினைக்கக் கூடும். அது இல்லை. நிச்சயம் முடிந்த அன்றே பிஜி என்னிடம் வந்து சொன்னாள்: "அப்பாவும் நம்ம கூட வந்து இருக்கணும்னு அவங்க சொல்லுறாங்க. மேற்கே உள்ள அறைய வெள்ளையடிச்சுப் போட்டாச்சாம். அப்பாவுக்க மேசை அதில கொள்ளும்னு அளந்தும் பாத்தாச்சு." நான் போய் அறையைப் பார்த்தேன். நல்ல அறை. ஆனால் மேற்கு. சாயங்கால வெயில் நேரே மேசையில் அடிக்கும். எழுதுகிறவனுக்கு ஆகாது.

நம் சபையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டானால் சொல்லலாம் என்று. முதல் ஞாயிறு வாசித்தது. யாரும் எழும்பவில்லை. பிஜி தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, கடுக்காய் கொஞ்சம் தட்டி ஊறப்போட்டேன்.

பழைய காலத்துத் துறவிகள் மை காய்ச்சியதைப் பற்றி என் புத்தகத்தில் இரண்டு பக்கம் உண்டு. அவர்களுக்கு ஒரு மரத்தின் காய், நமக்குக் கடுக்காய். துருப்பிடித்த ஆணிகளை அதில் போட்டுப் பத்து நாள் வைத்தால் கறுத்து வரும். எழுதிக் காயவைத்தால் பழுப்பாகி, நம் தாத்தாக்கள் காலத்து மைபோலவே இருக்கும். நான் புத்தகத்தில் எழுதியதை எல்லாம் செய்து பார்த்தவன் அல்ல. இதை மட்டும் செய்து பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று ஒரு திருப்தி.

சரசம்மா மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். அவளுடைய ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் ஞானப்பூ என்று மட்டும் உண்டு. ஞானப்பூ யாருடைய மகள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜெயசிங்குக்கோ தாய்வழிப் பாட்டி வரைக்கும் பதிவு சுத்தம்: மரியாள், தகப்பன் யோசேப்பு, தாய் நேசம்மாள், 1908. அந்தக் காலத்தில் ரெஜிஸ்டர் எழுதிய உபதேசியார் பக்கங்களுக்கு அடியில் ஒரு வரி வெறுமையாக விட்டு எழுதுகிறவர். 1911-இல் அப்படி ஒரு வெறும் வரி இருந்தது. இரண்டாவது ஓலை வாசித்த வாரம், வெஸ்டரி ஜன்னல் வெளிச்சத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து, உபதேசியாரின் கையெழுத்தில் அதை நிரப்பினேன். 'ஞானப்பூ, தகப்பன் யோசேப்பு, தாய் நேசம்மாள்' என்று.

அதாவது, ஜெயசிங்கின் பாட்டியும் பிஜியின் பாட்டியும் உடன்பிறந்த அக்காள் தங்கை. அதாவது, விமலகுமாரியும் சரசம்மாவும் அக்காள் தங்கை முறை. அதாவது, ஜெயசிங்கும் பிஜியும் அண்ணன் தங்கை. மாமன் மகள், அத்தை மகன் என்றால் மாலை போட்டுக் கொண்டாடுகிற நம் சனத்துக்கு, அக்காள் தங்கை வழி வந்த பிள்ளைகள் கெட்டுவது என்றால் ஒரே ரத்தம்.

இந்த வழி என் கண்டுபிடிப்பு அல்ல. நான் அவ்வளவு கெட்டிக்காரன் என்றால் தலைமையாசிரியராகவாவது ஆகியிருப்பேன். பிலிப் என்ற ராஜா டென்மார்க்கிலிருந்து இங்கபோர்க் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து கெட்டினான். மறுநாள் காலையிலேயே வேண்டாம் என்றுவிட்டான். ஏனென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்றாவது மாதம் ஒரு சபையைக் கூட்டி, அவளும் இறந்துபோன அவனுடைய முதல் மனைவியும் சொந்தம், ஆகவே கலியாணம் செல்லாது என்று வம்சப் பட்டியல் ஒன்றைக் காட்டினார்கள். பொய்ப் பட்டியல். பதினைந்து பேர் அதன்மேல் சத்தியம் செய்தார்கள். அவளுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. என்ன நடக்கிறது என்று யாரோ விளக்கியபோது அழுதுகொண்டே, தெரிந்த லத்தீனில் 'கெட்ட பிரான்ஸ்' என்று மட்டும் சொன்னாள். அப்புறம் இருபது வருடம் மடத்திலும் கோட்டையிலும் அடைபட்டுக் கிடந்தாள்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, ரெஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைய போதகர் ரெத்தினதாஸ் அவர்களிடம் போனேன். பேச முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. அது நடிப்பு அல்ல. நான் சீக்கிரம் அழுகிறவன். ரெத்தினதாஸ் அவர்களும் அழுதார். இரண்டு வீட்டாரையும் வெஸ்டரிக்கு அழைத்தார்.

விமலகுமாரி நம்பவில்லை. "எனக்க அம்மைக்கு ஒரு தங்கச்சி உண்டுன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்லியே, சாறே."

"பஞ்ச காலத்தில போர்டிங்கில விட்டிருப்பாங்க. அதை யாரு வெளியில சொல்லுவா?" என்றேன்.

ஜெயசிங் ஏட்டைப் பார்க்கவில்லை, பிஜியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிஜி ஏட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். விரலை அந்த வரியின்மேல் படாமல் இடமிருந்து வலமாகக் கொண்டுபோனாள். வரி முடிகிற இடத்தில் விரல் நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"போலாம் அப்பா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து விமலகுமாரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "ஓர்மை வருது சாறே. அம்ம சாகக் கிடந்தப்போ பூவே பூவேன்னு யாரயோ விளிச்சா. நான் பூ கேக்குறான்னு நெனச்சு முல்லை பறிச்சுக் கொண்டு குடுத்தேன்" என்றாள். பிஜியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எனக்க தங்கச்சிக்க மகளே, நீ எனக்க வயித்தில பொறக்க வேண்டியவளாக்கும்" என்று அழுதாள். அப்போதுதான் பதினைந்து சாட்சிகளைப் பற்றி எனக்கு ஒன்று விளங்கியது. எல்லாரும் பொய்ச் சத்தியம் செய்திருக்க மாட்டார்கள். சிலருக்கு ஓர்மை வந்திருக்கும்.

அந்த வாரம் ஒரு காலையில், வேலாயுதன் கடையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பிளாட்பாரம் தெரியும், பேச்சும் கேட்கும். பிஜி ஒரு தூணோரம், ஜெயசிங் அடுத்த தூணோரம். நடுவில் பத்தடி. கடைசியில் அவன் பக்கத்தில் வந்தான்.

"வண்டி லேட்டாக்கும், தங்கச்சி."

"செரி அண்ணா."

வேலாயுதன் டீயை ஆற்றாமல் அப்படியே வைத்தார். "சாறே, எனக்க நெஞ்சு பொறுக்கல்ல" என்றார். எனக்கும் பொறுக்கவில்லை. டீயை மிச்சம் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

புத்தகம் அச்சாகவில்லை. உலகத்தில் எனக்கு இருந்த ஒரே அச்சுக்கோர்ப்பவனை நானே அண்ணனாக்கிவிட்டேன். அவன் இப்போதும் போட்டுத் தருகிறேன் என்றுதான் சொன்னான். எனக்குத்தான் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வருடம் இங்கபோர்க்கின் அத்தியாயத்தை எழுதினேன். பிலிப்பைப் பதினொரு பக்கம் திட்டியிருக்கிறேன்; இந்தப் புத்தகத்திலேயே நன்றாக வந்த பகுதி அதுதான். எழுதும்போது கண்ணீர் விழுந்து நாலு பக்கம் கலங்கிப்போயிற்று. பிஜி வழக்கம்போல நல்ல பிரதி எடுத்துத் தந்தாள். முத்து முத்தாக இருந்தது. 'பொய்யென்று தெரிந்தும் அந்த ஏட்டின்மேல் சத்தியம் செய்தார்கள்' என்ற வரி வந்தது. அந்த வரியின் கடைசியில், இத்தனை வருடத்தில் முதல்முறையாக, முற்றுப்புள்ளிக்கு அப்பால் என் புள்ளியையும் சேர்த்து எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியில் மட்டும்.

அப்போது ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். ஞானப்பூவின் வரி முடிகிற இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. உபதேசியாரின் எழுத்து, உபதேசியாரின் மை. நின்று மூச்சுவிட்டது மட்டும் நான்.

ஆக, வெஸ்டரியிலேயே அவளுக்குத் தெரியும். ரெத்தினதாஸ் அவர்கள் பக்கத்தில் நின்றார், ஜெயசிங் எதிரே நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் போலாம் என்றாள். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன், போதகர் அவர்களே. விருப்பமில்லாதவள் அப்படிச் சொல்வாளா? இங்கபோர்க்குக்குப் பாஷை தெரியாது, அதனால் அழுதாள். என் மகளுக்கு எல்லாப் பாஷையும் தெரியும்.

ஒரே ஒருமுறை கேட்டேன். "மக்களே, உனக்கு அப்பாமேல வருத்தம் உண்டா?"

"கஞ்சி ஆறுது அப்பா" என்றாள்.

1994-இல் ஜெயசிங்குக்கு ஜெஸியைப் பார்த்தார்கள். ஜெஸியும் நல்ல பெண்தான். கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பு விமலகுமாரி தாம்பூலத்தட்டில் ஒரு பட்டுச்சேலையோடு வந்தாள். நம் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தில் வைத்ததும், அவனுடைய சகோதரி பின்னால் நின்று முடிச்சிட வேண்டும். நாத்தூன் முடிச்சு. "அவனுக்கு வேற யாரு உண்டு, மகளே? கூடப்பொறந்தவளா நீதான நிக்கணும்" என்றாள் பிஜியிடம். அவள் கள்ளம் அறியாதவள், மனசாரத்தான் கேட்டாள். பிஜி சேலையை வாங்கி, கரையைத் திருப்பிப் பார்த்து, "நல்ல நெறம் பெரியம்மா" என்றாள்.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிஜி ஜெஸியின் கூந்தலை இடது கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயசிங் கயிற்றின் இரண்டு நுனியையும் பின்னால் கொண்டுவந்தான். அந்த நுனிகள் அவன் விரலிலிருந்து அவள் விரலுக்கு மாற வேண்டும். அவன் கயிற்றை விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான். "விடுங்க அண்ணா, நான் கெட்டுறேன்" என்றாள் மெதுவாக. எங்கள் வரிசைக்குக் கேட்டது. அவன் விட்டான். அவள் முடிச்சிட்டாள். இறுக்கமாக, முதல் தடவையிலேயே விழுந்த முடிச்சு. நாத்தூன் முடிச்சு நன்றாக விழுந்தால் அந்தக் குடும்பம் நீண்டு வாழும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அவன் அண்ணன் அல்ல என்று அந்தக் கோயிலுக்குள் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் முன்வரிசையில் இருந்தார். இன்னொருத்தி முடிச்சிட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டு, "அடுத்து எந்த அத்தியாயம் எழுதணும் அப்பா?" என்று கேட்டாள். தள்ளிவைக்கப்பட்ட ழானின் அத்தியாயத்தைக் கொடுத்தேன். கையில் வேறு இல்லை.

இதுதான் நடந்தது. நான் செய்தேன். நாற்பத்திரண்டாவது ஞானஸ்நானம் என்னுடையது. 1911-இல் அப்படி ஒரு குழந்தைக்கு யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. பிஜிக்கும் ஜெயசிங்குக்கும் எந்த ரத்தமும் ஒன்று அல்ல. பிலிப்போடு என்னைச் சேர்க்கவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவன் ஒருத்தியைத் தள்ளினான். நான் ஒருத்தியை வைத்துக்கொண்டேன். இங்கபோர்க் பாப்பரசருக்கு எழுதிய கடிதங்களில், பேச ஆளில்லை, வைத்தியரில்லை, குளிக்க வசதியில்லை என்று புலம்புகிறாள். பிஜிக்கு எல்லாம் உண்டு. கிழக்குப் பார்த்த அறை. அவளுக்கு இப்போது முப்பத்து நாலு வயது. அவள் பிரசவத்தில் சாகவில்லை. இஸபெல்லாவைவிடப் பதினைந்து வருடம் கூடுதலாக இருந்துவிட்டாள்.

தாங்கள் அந்த வரியை அடித்து, சபையில் அறிவித்து, இரு வீட்டாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். எனக்கு வரும் தண்டனையைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஜெயசிங்குக்கு சுமி, தீபு என்று இரண்டு பிள்ளைகள். ஞாயிறுதோறும் ஆராதனை முடியும் முன்னாலேயே பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, "அத்தே" என்று பிஜியின் மடிக்கு வந்துவிடுகிறார்கள். சுமிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள் பிஜிதான். விமலகுமாரி படுக்கையில் விழுந்தபோது போய்ப் பார்த்தவளும் அவள்தான். உலகத்தில் என்னை விட்டால் பிஜிக்கு இருக்கும் உறவு இவ்வளவும் அந்த ஒரு வரியில் நிற்கிறது. அதை அடித்தால் அவள் அத்தை அல்ல, தங்கை அல்ல, யாருக்கும் ஒன்றும் அல்ல. அவளுக்கு அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே வரியை விட்டுவிட்டு, கூட்டுத்தொகையைத் திருத்தலாம் என்பது என் தாழ்மையான கருத்து. நாற்பத்தொருவர் என்பதை நாற்பத்திருவர் ஆக்க அதிகம் வேலை இல்லை. துரையின் கையெழுத்து எனக்கு வரும். மையும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

ஏழு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. ஆனால் இப்போது முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்; எனக்கே பாதி விளங்கவில்லை. தங்களுக்கு ஒரு வரிகூட விளங்காது. நாளைக் காலையில் கஞ்சிக்குப் பிறகு பிஜியிடம் கொடுத்து நல்ல பிரதி எடுக்கச் சொல்கிறேன். ஞாயிறுக்குள் தங்கள் கையில் கிடைத்துவிடும். என் வரிகளின் கடைசியில் கிடக்கும் புள்ளிகளைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். அவள் அவற்றை விட்டுவிடுவாள்.